9,329 வாக்குகள்: 2006 வர்ஜீனியாவில் செனட்டர் ஆலன் தோற்றது அந்த ஒரு சொல்லாலா?

#1 பொட்டோமாக் கரையான்

அமெரிக்கத் தேர்தல் பேச்சு வந்தாலே நம் ஆட்களில் யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். இந்திய வம்சாவளிப் பையன் ஒருவன் கேமராவோடு பின்னாலேயே போனான், செனட்டர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார், பதவி போனது, செனட் சபையே கை மாறியது. பந்தியில் உட்கார்ந்து கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வருடம் முழுக்க வடக்கு வர்ஜீனியாவில், தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருந்தவன் நான். கையில் பச்சை அட்டைதான், வாக்கு கிடையாது. வேடிக்கை பார்க்கத் தடையில்லையே.

புதிதாக வருபவர்களுக்காக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஆலன், குடியரசுக் கட்சி. 1994 முதல் 1998 வரை வர்ஜீனியா ஆளுநர். 2000-இல் பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் சக் ராப்பைத் தோற்கடித்துத்தான் செனட்டுக்கே போனார். 2006 தேர்தல் அவருக்கு வெறும் சடங்கு, 2008-இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கு ஒத்திகை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அப்பா வாஷிங்டன் அணியின் புகழ்பெற்ற ஃபுட்பால் பயிற்சியாளர். மகனோ கவ்பாய் பூட்ஸ், மெல்லும் புகையிலை, கூட்டத்தில் பந்தை வீசிப் பிடிப்பது என்று தனக்கென ஒரு பாணி வைத்திருந்தார்.

எதிரே ஜிம் வெப். வியட்நாமில் மரீன் அதிகாரியாகச் சண்டை போட்டு நேவி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர், நாவலாசிரியர், ரீகன் ஆட்சியில் கடற்படைச் செயலர். நெடுநாள் குடியரசுக் கட்சிக்காரர். 2000-இல் இதே ஆலனுக்கு ஆதரவு தெரிவித்தவர்! இராக்கில் முப்பது வருடம் குந்தியிருக்கத் தயாரா என்று 2002-இலேயே, படை இறங்கும் முன்பே, பத்திரிகையில் எழுதிக் கேட்டவர். அந்தப் போர்தான் அவரைக் கட்சி மாற வைத்தது.

நவம்பர் 7, 2006 முடிவு: வெப் 11,75,606. ஆலன் 11,66,277. வித்தியாசம் 9,329. மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஐந்து வாக்குகூட வரவில்லை.

இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு யார் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் கணக்கில் இடிக்காது. மழை பெய்தது என்றுகூடச் சொல்லலாம். என் வாதம் இதுதான்: இராக் போரும் வடக்கு வர்ஜீனியாவும் ஆலனை விளிம்புவரை கொண்டுவந்துவிட்டன. அந்தச் சொல் செய்த வேலை, "இந்த ஆளைத் தோற்கடிக்க முடியும்" என்று ஊருக்கு முதலில் காட்டியது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 வைகைக்கரை

ஐயா, "அந்தச் சொல்", "அந்தச் சொல்" என்கிறீர்களே, என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே? 2006-இல் நான் ஆறாம் வகுப்பு.

#3 பொட்டோமாக் கரையான்

நியாயம்தான்.

ஆகஸ்ட் 11. பிரேக்ஸ் என்று ஓர் இடம். கென்டக்கி எல்லையை ஒட்டிய நிலக்கரி மலைப்பகுதி, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை. ஆலன் ஊர் ஊராகப் போய் ஆதரவாளர்களைச் சந்திக்கும் சுற்றுப்பயணத்தில் இருந்தார். எதிர்க்கட்சி வேட்பாளர் பேசுவதையெல்லாம் படம் பிடிக்க ஓர் ஆளை அனுப்புவது அங்கே இரு கட்சிக்கும் வழக்கம். வெப் அனுப்பியது எஸ்.ஆர். சித்தார்த் என்ற 20 வயது மாணவரை. நாள்கணக்கில் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் ஆலனின் ஆட்களுக்கும் அவர் முகம் பழக்கம். அங்கே கூடியிருந்தவர்களில் வெள்ளையர் அல்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஆலன் பேச்சின் நடுவே அவரைக் கை காட்டி, மஞ்சள் சட்டை போட்ட இவர், மக்காக்காவோ என்னவோ இவர் பெயர், என் எதிராளியின் ஆள், எங்கே போனாலும் பின்னால் வருகிறார் என்றார். கூட்டம் சிரித்தது. இவருக்கு ஒரு வரவேற்பு கொடுங்கள் என்று அதே பெயரை இன்னொரு முறை சொல்லிவிட்டு, அமெரிக்காவுக்கு வருக, நிஜமான வர்ஜீனியாவுக்கு வருக என்று முடித்தார்.

மக்காக்கா என்பது ஒரு குரங்கினத்தின் பெயர். பிரெஞ்சு பேசிய காலனிகளில் கறுப்பர்களையும் வட ஆப்பிரிக்கர்களையும் ஏச அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆலனின் அம்மா பிரெஞ்சு பேசும் துனீசியாக்காரர். அவ்வளவு போதும், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

#4 ஹெர்ண்டன் பையன்

இதுல எல்லாரும் மிஸ் பண்ற ஒரு விஷயம். சித்தார்த் பிறந்தது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில. ஆலன் பிறந்தது கலிஃபோர்னியாவில! அப்பாவுக்கு வாஷிங்டன்ல வேலை கிடைச்ச பிறகுதான் வர்ஜீனியா பக்கமே வந்தாரு. ரெண்டு பேரும் ஒரே யூனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா. கலிஃபோர்னியாக்காரர் ஒருத்தர் வர்ஜீனியாக்காரனைப் பார்த்து "வர்ஜீனியாவுக்கு வருக"ன்னு சொல்றாரு. எனக்கு அந்தக் குரங்கு மேட்டரை விட இதுதான் சுட்டுது. ஏன்னா நானும் இங்கேயே பிறந்தவன். என்னையும் "உண்மையில நீ எந்த ஊர்"னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.

#5 பழைய கட்சிக்காரன்

ரிச்மண்டில் நீண்ட காலமாக இருப்பவன், குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தவன் என்ற முறையில் சில வார்த்தை. அடிக்க வருபவர்கள் முழுதும் படித்துவிட்டு அடியுங்கள்.

ஆலன் ஏதோ வெறும் வாய்ச்சொல் வீரர் போல இங்கே எழுதுகிறீர்கள். ஆளுநராக இருந்து பரோல் முறையையே ஒழித்தவர். மாநிலப் பள்ளிகளுக்குப் பாடத்தரமும் தேர்வும் கொண்டுவந்தவர். அந்தப் பரீட்சையைத்தான் உங்கள் பிள்ளைகள் எழுதினார்கள். அந்த நிர்வாகத்துக்காக வாக்களித்த நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். ஒருவர் மேடையில் வாய்தவறி, அர்த்தம் தெரியாமல் உளறிய ஒன்றை வைத்து ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பத்திரிகைகள் அதே பாட்டைப் பாடின. இராக்கைப் பற்றியோ வரியைப் பற்றியோ அவர் பேச வாய் திறக்கும்போதெல்லாம் அதே கேள்வி. இது தேர்தலா, தண்டனையா?

#6 செந்தாமரை

#5 அண்ணா, வாய்தவறியது ஒரு தடவை என்றால் உங்களோடு சேர்ந்து நானும் விட்டிருப்பேன். 1997-இல் ஆளுநராக இருந்து ஏப்ரல் மாதத்தைக் கூட்டமைப்பு வரலாற்று மாதம் என்று அறிவித்தது யார்? அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களைக் கொண்டாட ஒரு மாதம். அதுவும் வாய்தவறியா?

விளக்கம் சொன்ன விதம் அதைவிட மோசம். முதலில் அவருடைய ஆட்கள், அந்தப் பையனின் தலைமுடி மோஹாக் மாதிரி (பக்கங்களை மழித்து நடுவில் மட்டும் முடி விடும் பாணி) வெட்டியிருந்தது, அதைத்தான் அப்படிச் சொன்னார் என்றார்கள். பிறகு, அர்த்தமே இல்லாத சொல் என்றார்கள். பிறகு வருத்தம். அந்த மாணவரை நேரடியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. மறுநாள் காலையிலேயே தொலைபேசியை எடுத்திருந்தால் நாம் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

#7 எண்கணக்கன்

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பார்க்கலாமா.

வர்ஜீனியாவில் 2004-இல் புஷ் எட்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலிலேயே ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி மட்டும் கெர்ரிக்குப் போனது, 1964-க்குப் பிறகு முதல்முறையாக ஜனநாயகக் கட்சிக்கு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தபோது, புஷ் ஜெயித்த லவுடன், பிரின்ஸ் வில்லியம் இரண்டு கவுண்டிகளும் கெய்னிடம் வந்தன. 2006-இல் வெப்பும் அவற்றை மெல்லிய வித்தியாசத்தில் பிடித்தார். ஃபேர்ஃபாக்ஸில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கும் மேல். பத்து லட்சம் பேர் வாழும் அந்த ஒரு கவுண்டியில் மட்டும் அவர் ஆலனைவிட அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதலாக வாங்கினார். மொத்த வெற்றி வித்தியாசமே 9,329.

தலைநகரை ஒட்டிய வடக்கு மாவட்டங்களில் மென்பொருள் நிறுவனங்கள், அரசு ஒப்பந்த வேலைகள், வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள். இது பத்துப் பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருந்த மாற்றம். ஆலன் பிரேக்ஸில் பேசுவதற்கு முன்பே 2005 முடிவு சுவரில் எழுதியிருந்தது. அவர்தான் படிக்கவில்லை.

இன்னொன்று. அதே நாள் அதே வாக்குச்சீட்டில், ஒருபாலின மணத்தைத் தடை செய்யும் அரசியல் சட்டத் திருத்தமும் இருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் தடைக்கு ஆதரவு. ஆக, அன்று வாக்களிக்க வந்த வர்ஜீனியா திடீரென்று இடதுபக்கம் சாய்ந்த மாநிலமில்லை. திருத்தத்துக்கு "ஆம்" போட்ட கை ஒன்று வெப்புக்கும் போட்டிருக்கிறது, கணிசமான எண்ணிக்கையில். துப்பாக்கி உரிமைக்காரர், முன்னாள் மரீன், ரீகனின் ஆள் என்ற அடையாளம் இல்லாத வேறு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக இருந்தால் அந்தக் கை வந்திருக்குமா? சந்தேகம்தான்.

#8 ஹெர்ண்டன் பையன்

அப்போ அந்த வீடியோ ஒண்ணுமே பண்ணலையா?

#9 எண்கணக்கன்

பண்ணவில்லை என்று சொல்லவில்லை தம்பி. ஜூலையில் வந்த கருத்துக்கணிப்புகளில் ஆலன் இரட்டை இலக்கத்தில் முன்னால் இருந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் நெருக்கடி வந்துவிட்டது. நன்கொடையைப் பாருங்கள். ஜூன் உட்கட்சித் தேர்தலில் வெப் ஜெயித்தபோது கையில் காசே இல்லை. அந்த உட்கட்சித் தேர்தலுக்கு வந்து வாக்களித்ததே நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. மொத்தப் பிரச்சாரத்தையும் கூட்டினால் ஆலன் செலவழித்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகஸ்ட்டுக்குப் பிறகுதான் நாடு முழுவதிலிருந்தும் வெப்புக்குப் பணம் வரத் தொடங்கியது, தேசியக் கட்சித் தலைமையும் வர்ஜீனியாவுக்குப் பை திறந்தது. இழையைத் தொடங்கியவர் சொல்வதுதான் சரி. தோற்கடிக்க முடியாதவர் என்று நினைத்தவரையில் யாரும் காசு போடமாட்டார்கள்.

வாக்காளர் மனதில் அந்தக் காணொளி எத்தனை பேரை மாற்றியது என்று மட்டும் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவில் கட்சியே கிடையாது. யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் தாவினார் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

#10 செந்தாமரை

நான் அன்றைக்கு அலெக்ஸாண்ட்ரியாவில் வாக்களித்தவள். குடியுரிமை வாங்கியபின் எனக்கு முதல் தேர்தல். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இருந்தது தொடுதிரை இல்லை. ஒரு சிலேட்டு அளவுக்கு இயந்திரம், அதன் கீழே வட்டமாகத் திருகும் சக்கரம். திருகத் திருக நீலக்கட்டம் ஒவ்வொரு பெயராக நகரும். வேண்டிய பெயரில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாம் முடிந்ததும், நீங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இவர்கள் என்று ஒரு சுருக்கப் பக்கம் வரும். அதைச் சரிபார்த்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் வாக்கு விழும்.

அந்தச் சுருக்கப் பக்கத்தில் வெப் இல்லை. "ஜேம்ஸ் எச். 'ஜிம்'" என்பதோடு பெயர் வெட்டப்பட்டு நின்றது. குடும்பப் பெயருக்குத் திரையில் இடமில்லையாம்! அலெக்ஸாண்ட்ரியா, ஃபால்ஸ் சர்ச், சார்லட்ஸ்வில் மூன்று ஊர்களிலும் இதே கதை. அக்டோபரிலேயே செய்தித்தாளில் வந்துவிட்டது, தேர்தலுக்குள் சரிசெய்ய நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். சாவடியில் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற வயதானவர் ஒருவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மறுபடி முதல் பக்கத்துக்கே போய் வந்துகொண்டிருந்தார். கடைசியில் பணியாளரைக் கூப்பிட்டு, "நான் போட்டது யாருக்கு?" என்றார். அந்த அம்மாவும் ஒட்டியிருந்த தாளைக் கை காட்டினார், பாவம், வேறென்ன செய்வார்.

மூன்று ஊரும் வெப்புக்குச் சாதகமான ஊர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அத்தனையும் மீறித்தான் ஜெயித்தார்.

#11 வைகைக்கரை

9,329 என்றால் மறுஎண்ணிக்கை கேட்டிருக்கலாமே? ஆலன் ஏன் கேட்கவில்லை?

#12 எண்கணக்கன்

கேட்டிருக்கலாம். சட்டப்படி வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் கேட்கலாம், அரை சதவீதத்துக்குள் இருந்தால் செலவும் அரசுடையது. இங்கே வித்தியாசம் 0.39.

பயன்தான் இல்லை. அப்போது மாநிலத்தின் பெரும்பாலான இடங்களில் இருந்தது காகிதமே இல்லாத மின்னணு இயந்திரம். மறுபடி எண்ணுவது என்றால் இயந்திரத்திடமிருந்து அதே எண்ணை மறுபடி வாங்குவதுதான். அதற்கு முந்தைய ஆண்டு மாநில அட்டர்னி ஜெனரல் தேர்தலில் பாப் மெக்டானல் வெறும் 323 வாக்கில் முன்னால் இருந்தார். மறுஎண்ணிக்கை நடந்தது. 360 ஆனது. மாநிலம் முழுக்கப் புரட்டியும் மாறியது 37 வாக்கு. ஒன்பதாயிரத்தை அதை வைத்து எங்கே நகர்த்துவது?

தேர்தல் இரவில் பெரும்பாலான நேரம் ஆலன்தான் முன்னால் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கு மாவட்டங்களின் எண்ணிக்கை பிந்தி வந்த பிறகுதான் வெப் தாண்டினார். அடுத்த இரண்டு நாளும் சரிபார்ப்பில் பெரிதாக எதுவும் அசையவில்லை. நவம்பர் 9 அன்று ஆலன் தோல்வியை ஏற்றார். வழக்கு, கூச்சல், திருட்டுப் புகார் எதுவும் இல்லை.

#13 பழைய கட்சிக்காரன்

நன்றி. அதைச் சொல்ல இந்த இழையில் ஒருவராவது இருந்தாரே. செனட் சபையே அந்த ஒரு இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மொண்டானாவும் வர்ஜீனியாவும்தான் பாக்கி. ஆலன் பிடிவாதம் பிடித்திருந்தால் டிசம்பர் வரை இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை.

வெப்பைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்கள் போரிடத் தகுதியற்றவர்கள் என்று 1979-இல் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதியவர் அவர். கடற்படை அகாடமியில் படித்த பெண்கள் அந்தக் கட்டுரையால் எவ்வளவு சீண்டலுக்கு ஆளானார்கள் என்று அவர்களே முன்வந்து சொன்னார்கள். உங்கள் செந்தாமரை அம்மாவுக்கு அது உறுத்தவில்லையா?

அப்புறம் கிளெண்டா பார்க்கர். சுயேச்சைப் பசுமைக் கட்சி, 26,102 வாக்கு. ரயில் வேண்டும் என்று பிரச்சாரம் செய்தவர். வித்தியாசத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

#14 செந்தாமரை

உறுத்தியது அண்ணா. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். மாமியார் வீட்டில் தினமும் ஒலித்த வசனங்களை அந்தக் கட்டுரையில் ஆங்கிலத்தில் படித்தது போல் இருந்தது. பிறகு அந்தக் கட்டுரை ஏற்படுத்திய வலிக்கு வருத்தம் தெரிவித்தார், முழு மனதோடு என்று நான் நம்பவில்லை.

ஆனால் உங்கள் வேட்பாளர் கடைசி வாரங்களில் என்ன செய்தார்? வெப்பின் நாவல்களிலிருந்து ஆபாசமான வரிகளைப் பொறுக்கி எடுத்து அறிக்கையாக வெளியிட்டார்கள். போர்க்கால நாவலில் வரும் பாத்திரங்களுக்கு எழுத்தாளர் பொறுப்பு என்றால், நம் ஊரில் ஒரு நாவலாசிரியரும் ஊராட்சித் தேர்தலில்கூட நிற்க முடியாது. பெண்கள் வாக்கை அதை வைத்துப் பிடிக்கப் பார்த்தார்கள். என் அலுவலகத்தில் பெண்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

#15 மட்டுறுத்துநர்

மாமியார் பற்றிய கிளை விவாதத்துக்கு வேறு பகுதி இருக்கிறது. தேர்தலோடு நிற்போம். 🙂

#16 பொட்டோமாக் கரையான்

பார்க்கர் வாக்கை முழுதாக ஆலனுக்குக் கொடுப்பது நியாயமில்லை. ரயில் கேட்டவர்கள் ஆலன் பக்கம் போயிருப்பார்கள் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை. போகட்டும்.

நான் சொல்ல வந்த வேறொரு இடம், செப்டம்பர் 18. டைசன்ஸ் கார்னரில் நடந்த வேட்பாளர் விவாதம். நிருபர் ஒருவர் ஆலனிடம், உங்கள் அம்மா வழியில் யூத வேர்கள் உண்டா என்று கேட்டார். கூட்டத்திலிருந்து "உஷ்" என்ற முணுமுணுப்பு. ஆலன் சிவந்துபோனார். மதத்தை ஏன் இழுக்கிறீர்கள், என் தாயைப் பற்றி அவதூறு பேசாதீர்கள் என்கிற தொனியில் பொரிந்து தள்ளினார். மறுநாள், ஆமாம், யூத வேர் உண்டு, பெருமைதான் என்று அறிக்கை வந்தது.

பின்னணி தெரிந்தால் அந்த மனிதர்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். அவருடைய தாத்தாவை, அம்மாவின் அப்பாவை, துனீசியாவில் நாஜிகள் சிறையில் அடைத்தார்கள். அந்தப் பயத்திலேயே அம்மா அமெரிக்கா வந்தபின் பிள்ளைகளிடம்கூடத் தன் யூதப் பிறப்பைச் சொல்லவில்லை. ஆகஸ்ட் இறுதியில் மகன் கேட்டபோதுதான் சொன்னாராம், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு. அப்படி ஓர் இக்கட்டில் நின்றவர் மேடையில் தடுமாறியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த இரண்டொரு நாளில், நான் இன்றும் மதியம் பன்றி இறைச்சி சாண்ட்விச்தான் சாப்பிட்டேன் என்று பத்திரிகைக்காரரிடம் நகைச்சுவை விட்டார் பாருங்கள். கிடைத்த அனுதாபம் அத்தனையும் அதில் போயிற்று.

அந்த மாதக் கடைசியில், கல்லூரி நாட்களில் கறுப்பர்களை இழிசொல்லால் குறிப்பிட்டார் என்று பழைய சக மாணவர்கள் சிலர் பேட்டி கொடுத்தார்கள். அவர் மறுத்தார். உண்மை எதுவாக இருந்தாலும், ஆகஸ்ட் 11 நடக்காமல் இருந்திருந்தால் எந்த நிருபர் முப்பது வருடப் பழைய சக மாணவர்களைத் தேடிப் போயிருப்பார்? இராக் போருக்கு ஆதரவாகவும் புஷ்ஷோடு ஒட்டியும் வாக்களித்த செனட்டரை நாடாளுமன்றப் பதிவை வைத்தே மடக்கியிருக்கலாம். வெப்புக்கு அதற்குக்கூட மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. மகன் இராக்கில் மரீனாக இருந்தான். அந்த மகனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார், பேச்சில் மகனைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். ஆலனின் கவ்பாய் பூட்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பூட்ஸ் தூசியோடு நின்றபோது, போட்டி என்னவென்று எனக்கே, வாக்கில்லாதவனுக்கே, விளங்கியது. வெற்றிக் கூட்டத்தில் அந்தப் பூட்ஸைத்தான் தூக்கிக் காட்டினார்.

#17 ஹெர்ண்டன் பையன்

ஐயா, எங்க சைடுல இருந்து ஒண்ணு சொல்லிடறேன். அந்த வீடியோவுக்கு முன்னாடி எங்க அப்பாவுக்கும் அவர் ஃப்ரெண்ட்ஸுக்கும் அரசியல்னா எச்1பி, வீட்டு வரி, அவ்வளவுதான். அந்த ஆகஸ்ட்ல முதல்முறையா ஒரு மாமா எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து, பெரிய கம்ப்யூட்டர்ல யூடியூபைப் போட்டு எல்லாருக்கும் காட்டினாரு. அப்போ யூடியூப் ஆரம்பிச்சே ஒண்ணரை வருஷம்தான். பஃபர் ஆகி ஆகி நிக்கும். அந்தச் சிரிப்புச் சத்தம் வர்ற இடத்துல ஒரு தடவை சரியா நின்னுடுச்சு, யாரும் பேசலை. அடுத்த வாரம் அப்பா வெப் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி, வாலன்டியரா வரலாமான்னு கேட்டாரு. நீங்க சொல்ற பணம், கணக்கு எல்லாம் சரி. ஆனா இதையும் எங்கேயாவது கணக்குல சேருங்க.

#18 எண்கணக்கன்

சேர்க்க எனக்கு ஆசைதான், எண் கிடைக்கவில்லை. சாவடிக்கு ஐந்துக்கும் குறைவு என்ற கணக்கில் உங்கள் அப்பா எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார் என்பது மட்டும் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

#19 வைகைக்கரை

செனட் கை மாறியது என்று முதலில் எழுதினீர்களே, அது இந்த ஒரு இடத்தாலா?

#20 பொட்டோமாக் கரையான்

கடைசியாக முடிவான இடம் இது என்பதால் அப்படிப் பெயர் வாங்கிவிட்டது. அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் ஆறு செனட்டர்கள் பதவி இழந்தார்கள்: பென்சில்வேனியாவில் சான்டோரம், ஒஹாயோவில் டிவைன், ரோட் ஐலண்டில் சேஃபி, மிசௌரியில் டேலன்ட், மொண்டானாவில் பர்ன்ஸ், இங்கே ஆலன். ஜனநாயகக் கட்சி தன் இடம் ஒன்றைக்கூட விடவில்லை. சுயேச்சைகள் இருவரையும் சேர்த்து 51-49. மொண்டானாவில் டெஸ்டர் 3,562 வாக்கில் பிழைத்தார். ஆறில் எதை உருவினாலும் பெரும்பான்மை சரிந்திருக்கும். சான்டோரம் போல லட்சக்கணக்கில் தோற்றவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வெப் ஒரே ஒரு தவணை இருந்தார். 9/11-க்குப் பிந்தைய படைவீரர்களுக்கான கல்வி உதவிச் சட்டம், 2008, அவர் முன்னின்று கொண்டுவந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் அதில் படித்தார்கள். அதன்பின் போதும் என்று 2012-இல் நிற்காமல் விலகிவிட்டார்.

அந்தக் காலி இடத்துக்கு மறுபடி வந்து நின்றவர் யார் தெரியுமா? ஆலன்தான். எதிரே டிம் கெய்ன். இந்த முறை உளறல் இல்லை, மிகவும் அடக்கமாகப் பிரச்சாரம் செய்தார். ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். அந்தச் சொல்லைச் சொன்ன ஆண்டில் ஒன்பதாயிரம், வாயைக் கட்டிக்கொண்ட ஆண்டில் இரண்டு லட்சம். வடக்கு மாவட்டங்கள்தான் காரணம் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

#21 பழைய கட்சிக்காரன்

சாட்சி இல்லை, வசதியான ஒப்பீடு. 2012 ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு. ஒபாமா பெயர் அதே சீட்டில் இருந்தது, வாக்களித்தவர்கள் 2006-ஐவிடப் பத்து லட்சத்துக்கு மேல் அதிகம். கெய்ன் முன்னாள் ஆளுநர். ஒபாமா ஏறக்குறைய நாலு சதவீதத்தில் ஜெயித்த மாநிலத்தில் நாங்கள் வேறு எப்படித் தோற்றிருக்க வேண்டும்? 2006-இல் ஆலன் ஜெயித்து ஆறு வருடம் பதவியில் இருந்திருந்தால், 2012-இல் நின்றிருப்பது பதவியில் உள்ள செனட்டர். அப்போது கெய்ன் நிற்கவே யோசித்திருப்பார். அந்த ஒன்பதாயிரம் பறித்தது ஒரு தவணையை மட்டும் என்று நான் நம்பவில்லை.

#22 செந்தாமரை

அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு உங்கள் கட்சி கொடுத்த விலை நாங்கள் சொல்வதைவிட அதிகம் என்று நீங்களே சொல்கிறீர்கள் அண்ணா. 😄

#23 பழைய கட்சிக்காரன்

அதைத்தானம்மா #5 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.